முங்கும்போது பிடிக்கிற மூச்சு

(உலகப் புற்றுநோய் நாளையொட்டி நம் சங்கத்தின் பிப்ரவரி மாதக் கூட்டத்தில், பி பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற ரேடியேஷன் டெக்னாலஜிஸ்ட் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கடைசியில் கேட்கப்பட்ட கேள்விகளில் சிலவும் சேர்க்கப்பட்டுள்ளன.)

கேன்சர் விழிப்புணர்வு பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டார். அது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் தினமும் வருகிறது. அதில் பாதி தப்பு என்பது வேறு விஷயம். டாக்டர் பேச வேண்டியதை நான் பேசப் போவதில்லை. டாக்டர் அறையை விட்டுப் போனபிறகு, கதவு மூடுவதற்கு முன்னால், டெக்னீஷியன் உங்களிடம் ஒரு வாக்கியம் சொல்வார் இல்லையா? "மூச்சை இழுத்துப் பிடிங்க." முப்பது வருடத்துக்கு மேல் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன வேலை. எல்லோரும் ஒரு கையை நெஞ்சிலும் இன்னொரு கையை வயிற்றிலும் வையுங்கள். நன்றாக மூச்சை இழுத்து அப்படியே பிடியுங்கள். நான் இருபது எண்ணுகிறேன்.

சரி, விடலாம். நான் இங்கே நின்று பார்த்ததில் பாதிப் பேர் தோளைத் தூக்கினீர்கள். சில பேர் நாற்காலியை விட்டு முதுகை வளைத்தீர்கள். முன்வரிசையில் ஒரு சார் கன்னத்தை உப்பிக்கொண்டார். பன்னிரண்டு எண்ணும்போதே ஒருவர் திருட்டுத்தனமாக மூச்சு விட்டார், யார் என்று சொல்ல மாட்டேன். படித்த, ஆரோக்கியமான, பயமில்லாத நாம் செய்ததே இப்படி. நோயோடு, தெரியாத அறையில், சட்டை இல்லாமல் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் படுத்திருக்கிற ஒருவர் இதைத் தினமும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

ஏன் செய்ய வேண்டும் என்பதற்கு எளிய விஷயத்திலிருந்து வருகிறேன். நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கும்போது மூச்சை முழுக்க இழுக்கச் சொல்கிறோம். உதரவிதானம் கீழே இறங்கி நுரையீரல் விரிந்தால்தான் அதன் அடிப்பகுதி தெரியும். அரைமூச்சில் எடுத்த படத்தில் இதயம் இருக்கிற அளவைவிடப் பெரிதாகத் தெரியும், நுரையீரலின் அடியில் சளி கட்டியது போல மங்கலாக இருக்கும். இல்லாத வியாதிக்கு மருந்து எழுதுகிற நிலைமைகூட வரலாம். சி.டி. ஸ்கேனில் நெஞ்சுப் பகுதிக்கு இப்போதெல்லாம் பத்து வினாடிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. நான் சேர்ந்த காலத்தில் அரை நிமிடம்வரை ஆகும், மூச்சு வாங்கும் நோயாளிகள் தவித்துப்போவார்கள். எம்.ஆர்.ஐ.யில் வயிற்றைப் படம் எடுக்கும்போது பல இடங்களில் தலைகீழாகச் சொல்வார்கள்: மூச்சை வெளியே விட்டுவிட்டு, விட்ட நிலையிலேயே பதினைந்து இருபது வினாடி இருங்கள் என்று. மூச்சை விட்டு முடித்த நிலையில் ஈரலும் கணையமும் ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்து நிற்கும், அதனால்தான். பெட் ஸ்கேனில் பிடிக்கவே வேண்டாம், ஒவ்வொரு பகுதிக்கும் சில நிமிடம் ஆவதால் சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இங்கே நம் மொழியில் ஒரு சிக்கல் இருக்கிறது. "மூச்சு விடுங்க" என்றால் என்ன அர்த்தம்? வெளியே விடு என்பதும் அதுதான், சாதாரணமாகச் சுவாசி என்பதும் அதுதான். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருப்பவர் "மூச்ச விட்டுட்டு அப்படியே இருங்க" என்பதைக் கேட்டு, மூச்சு விட்டுக்கொண்டே அசையாமல் இருப்பார். அவர் தப்பு செய்யவில்லை. படம்தான் அலையடித்து வரும். "மூச்சை நிறுத்துங்க" என்று சொல்கிற டெக்னீஷியன்களும் உண்டு. நம் ஊரில் மூச்சு நின்றுவிட்டது என்று யாரைப் பற்றிச் சொல்வோம்? ஏற்கெனவே பயந்திருக்கிற ஒரு பாட்டியிடம் அப்படிச் சொல்லக் கூடாது என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் சண்டையே போட்டிருக்கிறேன்.

இப்போது ரேடியேஷனுக்கு வருகிறேன். நம் ஜனங்கள் அதைக் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். ஷாக் அடிக்குமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. அடிக்காது, வலிக்காது, எக்ஸ்ரே எடுப்பது போலத்தான் இருக்கும். சென்னைக்கு இது புதுசு இல்லை. பொது மருத்துவமனையின் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934இல் திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனைக்கு 1950களிலேயே கோபால்ட் இயந்திரம் வந்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்தில் யாரும் நோயாளியின் மூச்சைக் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்க வழியும் இல்லை. நுரையீரலின் அடிப்பகுதியில் இருக்கிற கட்டி ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். கட்டி எங்கே போனாலும் கதிர் படட்டும் என்று சுற்றிலும் நிறைய இடம் விட்டு அடிப்பார்கள். கட்டியோடு நல்ல நுரையீரலும் சேர்ந்து வாங்கும்.

இப்போது மூச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் கட்டி எங்கே இருக்கிறது என்று சி.டி.யில் பிரித்துப் பார்க்க முடிகிறது. வயிற்றின் மேல் ஒரு சின்ன பிளாஸ்டிக் பெட்டியை வைப்போம், அதிலிருக்கும் புள்ளிகளைச் சுவரில் இருக்கிற அகச்சிவப்புக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். மூச்சு ஒரு குறிப்பிட்ட நிலைக்கு வரும்போது மட்டும் கதிர் வரும், தாண்டினால் நிற்கும். 2006இல் அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் இதற்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. கட்டி 5 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் மூச்சைக் கவனிக்கும் முறைகளை யோசிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆனால் மூச்சைப் பிடிப்பதால் அதிக நன்மை கிடைப்பது இடதுபக்க மார்பகப் புற்றுநோயில்தான். அதை இந்த அறையில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணும் தெரிந்துகொள்ள வேண்டும். இடது மார்பின் பின்னால்தான் இதயம். மார்புச் சுவரை ஒட்டிச் சாய்வாகப் போகிற கதிர் இதயத்தின் முன்பக்கத்தை உரசிக்கொண்டு போகும். அந்த முன்பக்கத்தில்தான் இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற முக்கியமான குழாய் ஒன்று ஓடுகிறது. ஆழமாக மூச்சை இழுத்துப் பிடித்தால் உதரவிதானம் இறங்கும், அதோடு ஒட்டியிருக்கிற இதயமும் கீழே, பின்னால் போகும். மார்புச் சுவருக்கும் இதயத்துக்கும் நடுவில் காற்று நிறைந்த நுரையீரல் வந்து உட்காரும். பல பேருக்கு இதயம் வாங்கும் கதிர் ஏறக்குறைய பாதியாகிவிடும். மருந்து இல்லை, ஊசி இல்லை, ஒரு மூச்சு.

இதில் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஓர் ஆராய்ச்சியை மட்டும் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சாரா டார்பியும் அவருடைய குழுவும் சுவீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்ற 2,168 பெண்களின் விவரங்களை ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். இதயம் வாங்கும் சராசரிக் கதிர் ஒரு கிரே கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய இதயப் பிரச்சினைக்கு ஏற்கெனவே இருக்கிற வாய்ப்பு 7.4 சதவீதம் கூடுகிறது. இந்த அளவுக்குக் கீழே ஒன்றும் ஆகாது என்று ஒரு கோடு கிழிக்க முடியவில்லை. சிகிச்சை முடிந்து முதல் ஐந்து வருடத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. சர்க்கரை, பிரஷர் இருப்பவருக்கு அந்த "ஏற்கெனவே இருக்கிற வாய்ப்பு" அதிகம், அதனால் கூடுவதும் அதிகம். இதைக் கேட்டு ரேடியேஷனே வேண்டாம் என்று யாரும் முடிவெடுத்துவிடாதீர்கள். நோய் திரும்பாமல் இருக்க அது செய்கிற நன்மை மிகப் பெரியது. இதயத்தை ஒதுக்கி வைத்துக் கொடுக்க வழி இருந்தால் ஒதுக்கிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இங்கே என் ஊர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும். என் ஊர் சுண்ணாம்புக்குளம். கும்மிடிப்பூண்டி தாலுகா, பழவேற்காடு ஏரிக்கரை. எளாவூரிலிருந்து உள்ளே போக வேண்டும், கொஞ்சம் வடக்கே போனால் ஆந்திரா. ஏரி என்றால் கடல் மாதிரி கண்ணுக்கெட்டும் வரை தண்ணீர். ஆனால் ஆழம் கிடையாது, பல இடத்தில் இடுப்பளவு, மார்பளவுதான். வலை போட்டு மீன் பிடிப்பவர்கள் ஒரு பக்கம். வலையும் இல்லாமல் படகும் இல்லாமல் வெறுங்கையால் இறால் பிடிக்கிற பெண்கள் இன்னொரு பக்கம். கழுத்துவரை தண்ணீரில் குந்திக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர்வார்கள். பிடித்த இறாலைப் போட பனையோலையில் முடைந்த பறி. இரண்டு கையும் வேலையில் இருப்பதால் பறியைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். மணிக்கணக்கில் அப்படி. நம் வாசலுக்கு வருகிற இறாலை ஆன்லைனில் கிலோ கணக்கில் வாங்கும்போது இது ஞாபகம் வராது, எனக்கே வருவதில்லை.

அப்படி வேலை செய்கிற ஓர் அக்கா, ஏரிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து நான் வேலை பார்த்த இடத்துக்கு வந்தார். எந்தக் கிராமம், எந்த வருடம் என்பது வேண்டாம். இடது மார்பில் ஆபரேஷன் முடிந்து கரண்ட் வைக்க அனுப்பியிருந்தார்கள். தினமும் விடியற்காலையில் கிளம்பி, பஸ் பிடித்து, கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றுகொண்டே வந்து, திரும்பிப் போவார். மூன்று வாரம், பதினைந்து நாள் சிகிச்சை.

தண்ணீரிலேயே இருப்பவர், மூச்சு பிடிப்பது இவருக்குத் தண்ணி பட்ட பாடு என்று நினைத்தேன். நான் நினைத்தது தப்பு.

முதலில் வாயில் ஒரு குழாயைக் கடிக்கச் சொல்லி மூக்கில் கிளிப் மாட்டும் கருவியில் போட்டோம். எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்று அது அளக்கும், குறித்த அளவு வந்ததும் ஒரு வால்வு மூடிக்கொள்ளும். கையில் ஒரு பட்டன் இருக்கும், விட்டால் உடனே திறந்துவிடும். எங்கள் டிபார்ட்மென்டில் பெருமையாகக் காட்டுகிற கருவி. அந்த அக்கா கிளிப் மாட்டிய நொடியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மூக்க அடச்சிட்டா நான் எதுலமா மூச்சு வுடறது?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்நாள் முழுக்க வாயில் பறியைக் கடித்துக்கொண்டு மூக்கால் மட்டுமே மூச்சு விட்டுப் பழகியவர். வாயில் ஒரு பொருளைக் கொடுத்து மூக்கை மூடினால் அவர் உடம்புக்கு அது மூழ்குவதுதான்.

அதை எடுத்துவிட்டுப் பெட்டியும் கேமராவும் உள்ள முறைக்கு மாற்றினோம். ஆழமா மூச்சை இழுங்க என்றோம். திரையில் கோடு அழகாக மேலே ஏறியது. எல்லோருக்கும் சந்தோஷம். படம் எடுத்துப் பார்த்தால் முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. பெட்டி உயர வேண்டும் என்று எங்கள் பேச்சிலிருந்து புரிந்துகொண்டு, பாவம், முதுகைப் படுக்கையிலிருந்து தூக்கியிருக்கிறார். எங்களைத் திருப்திப்படுத்த. இது அவர் மட்டும் செய்வதில்லை. நல்ல நோயாளியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற எல்லோரும் செய்கிற தப்பு இது. நெஞ்சு உயர்ந்த மாதிரி கேமராவுக்குத் தெரியும், உள்ளே இதயம் நகர்ந்திருக்காது.

அடுத்து நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். ஊர் பாஷையில் சொல்லுவோம் என்று "தம் கட்டுக்கா" என்றேன். நன்றாகக் கட்டினார். படகைக் கரையில் ஏற்றும்போது கட்டுகிற தம் அது. வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது, கழுத்து நரம்பு புடைத்தது, எட்டு வினாடியில் உடைந்தது. தம் கட்டுவது என்றால் நம் ஊரில் பலம் கொடுப்பது. எங்களுக்கு வேண்டியது பலமே இல்லாத மூச்சு. காற்று உள்ளே இருக்க வேண்டும், உடம்பு துவண்டிருக்க வேண்டும்.

எனக்கு வார்த்தை தீர்ந்துபோனது. உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கையிலிருந்து இறால் நழுவினால் என்ன பண்ணுவீங்க என்று கேட்டேன். "முங்கித்தான் புடிக்கணும்" என்றார். முங்கறப்போ மூச்ச எப்படிப் புடிப்பீங்க? "அது எங்க புடிக்கறது? இழுத்தா அதுபாட்டுக்கு இருக்கும். நாம வேலையப் பாப்போம்." அதுதான். அந்த மூச்சுதான். "படுத்துட்டு, முதுகு பாயில ஒட்டியிருக்க, மூக்கால இழுத்து ஒரு முங்கு முங்குக்கா" என்றேன். இருபத்தைந்து வினாடி ஆடாமல் அசையாமல் இருந்தார். அதற்கப்புறம் பதினைந்து நாளும் மைக்கில் நான் சொன்னது இரண்டே வார்த்தை: "முங்கு", "எழுந்திரு". என்னோடு வேலை பார்த்த கேரளத்துப் பையன் கடைசி வாரத்தில் அதே உச்சரிப்பில் சொல்லக் கற்றுக்கொண்டான்.

இதை அந்த அக்காவின் திறமைக்காகவோ என் திறமைக்காகவோ சொல்லவில்லை. வாய்க் குழாயிலேயே நாங்கள் பிடிவாதமாக இருந்திருந்தால் அவருடைய ஃபைலில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதி, சாதாரண மூச்சிலேயே கதிர் கொடுத்து அனுப்பியிருப்போம். அப்படி எழுதப்பட்ட ஃபைல்கள் எத்தனை என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது. அவற்றில் சிலவற்றில் என் கையெழுத்தும் இருக்கும்.

இன்னொன்று. என் அத்தையை ஒரு ஸ்கேன் சென்டருக்குக் கூட்டிப்போனேன், பேர் வேண்டாம். சி.டி. இயந்திரத்துக்குள்ளேயே ஒரு குரல் இருக்கும். "ப்ரீத் இன், ஹோல்ட் யுவர் ப்ரெத்" என்று அது ஆங்கிலத்தில் பேசும். அத்தை சுண்ணாம்புக்குளத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்தக் குரல் உள்ளே இருக்கிற ஸ்டாஃபிடம் ஏதோ சொல்கிறது என்று நினைத்து, மரியாதையாகச் சும்மா மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருந்தார். படம் கலங்கிவிட்டது, மறுபடி எடுத்தார்கள். மறுபடி எடுப்பது என்றால் மறுபடி கதிர். அந்தக் குரலை எந்த மொழியிலும் மாற்றிப் பதியலாம், உங்கள் குரலிலேயே பதியலாம். பத்து நிமிட வேலை. எங்கள் பக்கத்தில் தடா, சூலூர்ப்பேட்டையிலிருந்து தெலுங்குக்காரர்கள் வருவார்கள் என்பதால் "ஊபிரி பிகபட்டண்டி" என்பதைக்கூட நாங்கள் பதிந்து வைத்திருந்தோம். பல இடங்களில் இயந்திரம் இறங்கிய நாளில் இருந்த குரலே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. யாரும் கேட்காததால் மாற்றவில்லை. நீங்கள் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியும், உங்கள் அம்மாவுக்கோ உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கோ தெரியாமல் இருக்கலாம்.

உங்களில் யாருக்காவது, உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தச் சிகிச்சை வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ள ஒன்று: நிறைய இழுப்பது முக்கியம் இல்லை, முதல் நாள் பிளானிங் ஸ்கேனில் எவ்வளவு இழுத்தீர்களோ அதே அளவு தினமும் இழுப்பதுதான் முக்கியம். வீட்டில் பழகி, மூன்றாம் நாள் சாதனை காட்டுகிறேன் என்று இரண்டு மடங்கு இழுத்தால் கணக்கு கெட்டுவிடும். பழகுவதாக இருந்தால் பிளானிங்குக்கு ஒரு வாரம் முன்பே பழகுங்கள், மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் வைத்து. சளி, இருமல் வந்தால் மேசையில் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கதிர் தானாக நிற்கும் அல்லது நாங்கள் நிறுத்துவோம், மிச்சத்தை அடுத்த மூச்சில் கொடுப்போம். ஒன்றும் வீணாகாது. அறையில் தனியாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் கேமராவில் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருப்போம், நீங்கள் பேசுவதும் கேட்கும்.

கேள்வி: எனக்கு ஆஸ்துமா. இருபது வினாடி பிடிக்க முடியாது. அப்போது?

பிடித்தே ஆக வேண்டும் என்று இல்லை. சாதாரண மூச்சிலேயே சரியான கட்டத்தில் மட்டும் கதிர் கொடுக்கலாம். சிலருக்குக் குப்புறப் படுக்க வைத்துக் கொடுப்பார்கள். சிலருக்கு உடல்வாகே இதயம் தள்ளி இருக்கிற மாதிரி அமைந்திருக்கும், மூச்சைப் பிடிப்பதால் பெரிய வித்தியாசம் வராது. எல்லா மருத்துவமனையிலும் இந்த வசதி இல்லை என்பதும் உண்மை. "இதயத்துக்கு எவ்வளவு போகிறது, குறைக்க வழி இருக்கிறதா" என்று கேளுங்கள். வழி இல்லை என்று சொன்னால் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பிராணாயாமம் செய்பவர்களுக்கு இது சுலபமா?

மெதுவாக இழுத்து மெதுவாக விடும் பழக்கம் உதவும். கபாலபாதி மாதிரி வேகவேகமாக ஊதிவிட்டு வந்து படுக்காதீர்கள். மூச்சு முட்டுகிற உணர்வு பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை, கரியமில வாயு சேர்வதால் வருவது. ஆரோக்கியமான ஆளுக்கு இருபது வினாடியில் ரத்தத்தின் ஆக்சிஜன் பெரிதாக இறங்காது. வேகமாக ஊதிக் கரியமில வாயுவை வெளியேற்றிவிட்டால் முட்டும் உணர்வு தாமதமாக வரும், ஆனால் தலை சுற்றும். இதைச் செய்துவிட்டு நம் நீச்சல் குளத்தில் யார் அதிக நேரம் முங்குவது என்று பையன்கள் போட்டி போடுகிறார்கள், போன மே மாதம் பார்த்தேன். தண்ணீருக்குள்ளேயே மயக்கம் வரும், முன்கூட்டி எந்த அறிகுறியும் தெரியாது. பெற்றோர் வீட்டுக்குப் போனதும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: அதிகபட்சம் எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்?

இங்கிலாந்தில் பர்மிங்காமில் மார்பகப் புற்றுநோய் நோயாளிகள் சிலரை முன்கூட்டி ஆக்சிஜன் கொடுத்து, கருவியால் மூச்சை ஓட்டித் தயார்செய்து, ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் இருக்க வைத்திருக்கிறார்கள், 2016இல் வெளிவந்தது. மருத்துவமனையில், ஆட்கள் பக்கத்தில் நின்று செய்தது. வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். நமக்கு இருபது வினாடி போதும்.

கேள்வி: அடுத்த வாரம் அம்மாவுக்கு வயிறு எம்.ஆர்.ஐ. எண்பத்திரண்டு வயது, காது கொஞ்சம் மந்தம். என்ன செய்வது?

காது மந்தம் என்பதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லுங்கள். உள்ளே சத்தம் அதிகம், காதில் அடைப்பான் வேறு வைப்பார்கள். மெஷினை கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும், காது மெஷின் அணிந்து உள்ளே விடமாட்டார்கள். காலில் தட்டினால் பிடி, மறுபடி தட்டினால் விடு என்று ஜாடை பேசிக்கொள்ளலாம், சில இடங்களில் கூட ஒருவரை உள்ளே நிற்க விடுவார்கள், கேட்டுப் பாருங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்வார்களா, விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்வார்களா என்று முன்னாலேயே ஃபோனில் கேட்டு வாருங்கள். நாளை சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாங்க, பி 304. சோபாவில் படுக்கவைத்து நாலைந்து தடவை பழகிப் பார்த்துவிடலாம்.